சர்ட்டிஃபிகேஷன் டம்ப்ஸ்: பழைய கேள்வித்தாள் மாதிரிதானே, இதில் என்ன தவறு?

2024இல் நீட் வினாத்தாள் கசிவு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு ஜூன் 21 அன்று, பொதுத் தேர்வு முறைகேடுகளைத் தடுக்கும் மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வினாத்தாளைக் கசியவிட்டால் சிறை என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐடி துறையில் இருக்கும் ஒருவரிடம் "சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு) எழுதப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "டம்ப்ஸ் கிடைச்சுதா?" என்றுதான் பல நேரம் பதில் வரும். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "வேலிட் டம்ப்ஸ், 100 சதவீதம் பாஸ்" என்று வெளிப்படையாகவே விற்கிறார்கள். கட்டணத்தோடு சேர்த்து டம்ப்ஸையும் கொடுத்துவிடும் பயிற்சி மையங்களும் உண்டு.

ஒரு தேர்வில் குற்றமாக இருப்பது இன்னொரு தேர்வில் எப்படி வழக்கமாகிப்போனது? கேட்பவர்கள் பலருக்கு உண்மையாகவே குழப்பம் இருக்கிறது. அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

டம்ப்ஸ் என்பது எது, எது இல்லை

தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்து வந்த கேள்விகளையும், தேர்வறையிலிருந்து படம்பிடித்தோ திருடியோ எடுத்த கேள்விகளையும் விடையோடு தொகுத்தால் அதுதான் டம்ப்ஸ். பெரும்பாலும் சில நூறு கேள்விகள் கொண்ட பிடிஎஃப் கோப்பாக வரும். அதிலிருந்த கேள்விகள் அப்படியே தேர்வில் வந்தால் "ஸ்டேபிள்" என்று குழுவில் செய்தி வரும். தேர்வை நடத்தும் நிறுவனம் கேள்விகளை மாற்றிவிட்டால் "இப்போ புக் பண்ணாதீங்க, அப்டேட் வரட்டும்" என்பார்கள்.

மாதிரித் தேர்வு என்பது வேறு. பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்த ஒருவர் தானே உருவாக்கிய கேள்விகள் அவை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே மாதிரித் தேர்வுகளைத் தருகிறது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் தன் பயிற்சித் தளத்தில் அதிகாரபூர்வ மாதிரிக் கேள்விகளை வைத்திருக்கிறது. தனியார் வெளியீட்டாளர்களும் நல்ல மாதிரித் தேர்வுகளை விற்கிறார்கள். இவற்றைப் பயன்படுத்துவதில் எந்தத் தவறும் இல்லை, பயன்படுத்தத்தான் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், டம்ப்ஸை "மாதிரித் தேர்வு" என்று பெயர் போட்டே விற்கிறார்கள். தெரியாமல் வாங்கிவிடவும் வாய்ப்பு உண்டு. பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள்:

1. "இதே கேள்விதான் வரும்" என்று விற்பவர் உறுதி தருகிறாரா? நேர்மையாகக் கேள்வி எழுதியவரால் அப்படி ஓர் உறுதியைத் தரவே முடியாது.

2. விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று விளக்கம் இருக்கிறதா? டம்ப்ஸில் பெரும்பாலும் "சி" என்ற எழுத்து மட்டும்தான் இருக்கும். அதுவும் பல இடங்களில் தவறாக இருக்கும்.

3. வாங்கியவர்கள் என்ன எழுதுகிறார்கள்? "பாடம் புரிந்தது" என்பது ஒரு வகை. "நேற்று எழுதினேன், நாலைந்துதான் புதுசு" என்பது வேறு வகை.

பழைய கேள்வித்தாள் வேறு, கேள்வி வங்கி வேறு

நம்மில் பெரும்பாலானோர் பத்தாம் வகுப்பிலிருந்தே பழைய வினாத்தாள்களைப் புரட்டித்தான் தேறி வந்திருக்கிறோம். ஐந்து மதிப்பெண் முக்கிய வினாக்கள் என்று ஆசிரியரே குறித்துக் கொடுப்பார். டிஎன்பிஎஸ்சி தேர்வு முடிந்ததும் விடைக்குறிப்பை ஆணையமே வெளியிடுகிறது. அப்படியிருக்க, சிசிஎன்ஏ கேள்வியைப் பார்த்துவிட்டுப் போவது மட்டும் எப்படித் தவறாகும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

அரசுத் தேர்வை எல்லோரும் ஒரே நாளில் எழுதுகிறார்கள். மணி அடித்து விடைத்தாளை வாங்கியதும் அந்த வினாத்தாளின் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டுக்குப் புதிய தாள் வரும். அதனால் பழையதை எல்லோருக்கும் திறந்துவிடுவதில் யாருக்கும் நட்டமில்லை, யாருக்கும் தனிச் சலுகையும் இல்லை.

சர்ட்டிஃபிகேஷன் அப்படி நடப்பதில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு இடம் காலியாக இருந்தால், தேர்வு நடத்தித் தரும் பியர்சன் வியூ மையத்தில் போய் எழுதலாம். வீட்டிலிருந்தபடி கேமரா கண்காணிப்பிலும் எழுதலாம். உலகம் முழுக்க ஆண்டு முழுவதும் தேர்வு நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கேள்வி எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒரு கேள்வி வங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்துத் தருகிறார்கள். இன்று உங்களுக்கு வந்த கேள்வி அடுத்த மாதம் வேறொருவருக்கு வரும். அது வெளியே போனால், இன்னும் உயிரோடு இருக்கிற வினாத்தாள்தான் கசிகிறது.

கேள்வி வங்கிக்குள் ஒரு கேள்வி நுழைவதும் லேசான காரியமில்லை. துறை வல்லுநர்கள் எழுதி, மற்றவர்கள் சரிபார்த்து, பிறகு மதிப்பெண் இல்லாமல் சோதித்துப் பார்க்கிறார்கள். ஏடபிள்யூஎஸ் அசோசியேட் நிலைத் தேர்வின் 65 கேள்விகளில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. அவை இப்படிச் சோதனைக்காக வைக்கப்பட்டவை. எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது.

தேர்ச்சி மதிப்பெண்ணையும் யாரோ மனம்போனபடி வைப்பதில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு முறையை ஆங்காஃப் முறை என்பார்கள். "இந்த வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி உள்ள நூறு பேர் இந்தக் கேள்வியை எழுதினால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பீடுகளைக் கூட்டித்தான் தேர்ச்சிக் கோடு வரைகிறார்கள். கேள்வியை முன்பே பார்த்தவர் இந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார். அவர் ஆயிரத்துக்கு 900 எடுத்தாலும் அந்த மதிப்பெண் எதையும் அளக்கவில்லை. கண் பரிசோதனை அட்டையில் உள்ள எழுத்துகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போனவர் கடைசி வரிவரை சரியாகப் படித்துவிடுவார். அவருக்குப் பார்வை எப்படி என்பது மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடும்.

தேர்வுக்கு முன் வரும் அந்தத் திரை

மையத்தில் பையையும் போனையும் லாக்கரில் வைத்து, கையெழுத்துப் போட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். கணினியில் முதல் கேள்விக்கு முன்னால் ஓர் ஒப்பந்தம் வரும். படிக்கச் சில நிமிடம் கொடுப்பார்கள். ஏற்காவிட்டால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும், கட்டிய பணமும் போய்விடும். அதனால் பெரும்பாலோர் படிக்காமலே "ஏற்கிறேன்" என்று அழுத்துகிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் சாரம்: கேள்விகளை எந்த வடிவத்திலும் வெளியே சொல்ல மாட்டேன், எழுதி வைக்க மாட்டேன். நிறுவனங்களின் தேர்வு விதிகளில் இன்னொரு பகுதியும் உண்டு: அனுமதியின்றி வெளியான கேள்விகளைப் பயன்படுத்துவதும் முறைகேடே. கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் வாக்கு மீறுகிறார். "நான் யாருக்கும் கேள்வி சொல்லவில்லையே, வாங்கித்தானே படித்தேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

வாக்கு மீறியது மட்டும்தான் பிரச்சினை என்றால் அதை ஒரு வணிகத் தகராறு என்று சொல்லி விட்டுவிடலாம். பெரிய நிறுவனத்தின் பதிப்புரிமைக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் விஷயத்தின் மையம் அங்கே இல்லை. சான்றிதழ் யாரிடம் போய்ப் பேசுகிறது என்பதில்தான் இருக்கிறது.

சான்றிதழ் யாரிடம் பேசுகிறது?

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 192.168.10.100 என்ற முகவரி கொண்ட கணினி /26 நெட்வொர்க்கில் இருக்கிறது. அதன் நெட்வொர்க் முகவரி, அதாவது அது இருக்கும் தொகுதியின் முதல் முகவரி, என்ன? டம்ப்ஸில் விடை "பி, 192.168.10.64" என்று இருக்கும். படித்தவருக்கு இது மனக்கணக்கு. /26 என்றால் 64 முகவரிகள் கொண்ட தொகுதி. 0, 64, 128, 192 என்று தொகுதிகள் தொடங்கும். 100 என்பது 64க்கும் 127க்கும் இடையில் வருகிறது. ஆகவே விடை 64.

இப்போது /26ஐ /27 என்று மாற்றுங்கள். தொகுதி 32 முகவரிகளாகச் சுருங்கும். 96இல் தொடங்கும் தொகுதிக்குள் 100 போய்விடும், விடை 96 ஆகிவிடும். கணக்குத் தெரிந்தவருக்குக் கூடுதலாகச் சில விநாடிகள் ஆகும். "பி" என்று மனப்பாடம் செய்தவருக்கு இது முற்றிலும் புதிய கேள்வி.

ஒரு மருத்துவமனையோ வங்கிக் கிளையோ இரவு பதினொரு மணிக்கு நெட்வொர்க் மாற்றம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அன்று வருவது /27தான், டம்ப்ஸில் இருந்த /26 இல்லை. மாஸ்க்கை, அதாவது அந்த /27 என்ற அளவை, தவறாகப் போட்டால் ஆய்வகக் கணினியிலிருந்து முடிவுகள் வார்டுக்குப் போகாது. அந்த வேலையை அவரிடம் கொடுத்த மேலாளர் சான்றிதழை நம்பித்தான் கொடுத்தார். அவரால் ஒவ்வொருவரையும் தானே சோதித்துப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் சான்றிதழ் என்ற ஏற்பாடே இருக்கிறது. டம்ப்ஸால் வாங்கிய சான்றிதழ், சரிபார்க்க வழியில்லாத ஒருவரிடம் சொல்லப்படும் பொய். நான் இதைத் தவறு என்று சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகவே.

பாதிப்பு இன்னும் சிலருக்கும் போகிறது:

1. நேர்மையாகப் படித்தவர். மூன்று மாதம் லேப் போட்டு, செய்முறையாகப் படித்தவரும், மூன்று நாள் டம்ப்ஸ் பார்த்தவரும் ஒரே தாளை நீட்டுகிறார்கள். நேர்காணல் செய்பவர்கள் சில டம்ப்ஸ்காரர்களைப் பார்த்த பிறகு அந்தச் சான்றிதழையே மதிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். "பேப்பர் சர்ட்டிஃபிகேஷன்" என்ற பேச்சு இப்படித்தான் வந்தது. சிபாரிசும் பெரிய கல்லூரிப் பெயரும் இல்லாதவருக்குச் சான்றிதழ் ஒரு நல்ல வழி. அது அடைபடும்போது முதலில் நட்டப்படுபவர் அவர்தான்.

2. வாங்கியவரே. முதல் வேலைவரை தாள் கூட்டிப்போகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தெரியாததை மறைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

3. தகவல் பாதுகாப்புத் துறை. இங்கே நிலைமை இன்னும் கூர்மையானது. இந்தத் துறைக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழைத் தரும் ஐஎஸ்சி2 அமைப்பின் நெறிமுறையில், கண்ணியமாகவும் நேர்மையாகவும் சட்டப்படியும் நடக்க வேண்டும் என்பது ஓர் அடிப்படை விதி. அதை ஏற்றுக்கொண்டுதான் சான்றிதழ் பெறுகிறார்கள். அந்தத் தேர்வையே திருட்டுக் கேள்வியால் தாண்டியவரிடம் ஒரு நிறுவனத்தின் ரகசியங்கள் ஒப்படைக்கப்படுகின்றன.

சாக்குகள் எல்லாமே பொய் இல்லை

டம்ப்ஸ் பார்ப்பவர்களை எல்லாம் சோம்பேறிகள் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. சிசிஎன்ஏ கட்டணம் 300 டாலர். நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல், வரி தனி. முதல் வேலை தேடும் ஒருவருக்கு இது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே போகலாம். தவறினால் மறுபடியும் முழுத் தொகை கட்ட வேண்டும். அந்தப் பயத்தில்தான் பலர் டம்ப்ஸைத் தேடுகிறார்கள். இரக்கப்பட வேண்டிய நிலைமைதான். ஆனாலும் அந்தச் செலவின் சுமையை, விஷயம் தெரியாத வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட அது உரிமை தராது.

இரண்டாவது, அலுவலக அழுத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட், ஏடபிள்யூஎஸ், சிஸ்கோ போன்றவை தங்கள் கூட்டாளி நிறுவனங்களுக்குத் தரநிலை கொடுக்கும்போது, சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் எத்தனை பேர் என்றும் பார்க்கின்றன. எண்ணிக்கை குறைந்தால் தரநிலை போகும், அதோடு சலுகைகளும் போகும். எனவே காலாண்டு முடிவில் "இந்த மாசத்துக்குள்ள டீம்ல பத்துப் பேர் முடிச்சாகணும்" என்று மின்னஞ்சல் வருகிறது. ப்ராஜெக்ட் வேலையில் ஒரு மணி நேரம்கூடக் குறைப்பதில்லை. படிக்க நேரம் தராமல் தேர்ச்சியை மட்டும் கேட்டால், டம்ப்ஸ் வாங்கச் சொல்வதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. சில இடங்களில் டீமின் பகிர்வுக் கோப்புறையிலேயே டம்ப்ஸ் கிடக்கும். அங்கே முதல் பொறுப்பு இலக்கு வைத்தவருடையது. அவருடைய பெயர் ஒப்பந்தத்தில் இல்லை என்பதால் தண்டனை மட்டும் ஊழியருக்குப் போகிறது.

விடைகளைப் பகிரும் பழக்கத்தை நிறுவனம் கண்டும் காணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குத் தணிக்கைத் துறையில் உதாரணம் இருக்கிறது. 2022 ஜூனில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்துக்கு அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 10 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஊழியர்கள் தேர்வுகளில் விடைகளைப் பகிர்ந்துகொண்டதுதான் காரணம். அவற்றில் ஒன்று தணிக்கையாளர் உரிமத்துக்கான நெறிமுறைத் தேர்வு. 2024 ஏப்ரலில் கேபிஎம்ஜி நெதர்லாந்துக்கு இதே போன்ற காரணத்துக்காக 2.5 கோடி டாலர் அபராதம். இரண்டிலும் அபராதம் கட்டியது நிறுவனம். ஐடி துறைக்கு இப்படி ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இல்லாததால் பழி இளையவர்களோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது, "கேள்விகளே மோசம், மெனுவில் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள்" என்ற புகார். சில தேர்வுகளைப் பொறுத்தவரை இது உண்மை. மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்வி மனப்பாடக்காரரைத்தான் வரவழைக்கும். இதைத் திருத்த வேண்டியவை தேர்வு நடத்தும் நிறுவனங்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து நேர்மையாகத்தானே பதில் சொன்னேன், வீட்டில் என்ன படித்தேன் என்று யாருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. ஆனால் பதில்களே காட்டிக்கொடுக்கும்.

1. நேரம். படித்து முடிக்கவே ஒரு நிமிடம் பிடிக்கும் கேள்விக்கு ஐந்து விநாடியில் சரியான விடை வந்தால், அது ஒரு தடயம்.

2. பழையதும் புதியதும். வெகுநாள் புழக்கத்தில் உள்ள கேள்விகளில் நூற்றுக்கு நூறு, அதே பாடத்தின் புதிய கேள்விகளில் பாதிகூட இல்லை என்றால், அந்த இடைவெளிக்கு வேறு விளக்கம் சொல்வது கடினம்.

3. ஒரே மாதிரித் தவறுகள். டம்ப்ஸில் உள்ள தவறான விடையை அப்படியே எழுதியவர்கள் ஒரே வடிவத்தில் தனித்துத் தெரிவார்கள். இதைப் பிடிப்பதற்கென்றே கண்ணியாகச் சில கேள்விகளை வைப்பதும் உண்டு.

2008இலேயே சிஸ்கோ தன் தேர்வுகளில் இப்படிப்பட்ட தரவு ஆய்வையும் மையத்தில் புகைப்படம் எடுப்பதையும் அறிமுகப்படுத்தியது. முறைகேடு என்று முடிவானால் அந்தத் தேர்ச்சி ரத்தாகலாம், ஏற்கெனவே பெற்ற சான்றிதழ்களும் பறிபோகலாம், இனி எழுதவே முடியாதபடி தடையும் வரலாம். பாஸ் ஆன பல மாதங்கள் கழித்தும் இது நடக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024ஆம் ஆண்டுச் சட்டம் யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கிப் பணியாளர் தேர்வு, என்டிஏ போன்ற மத்திய அமைப்புகளின் தேர்வுகளுக்கானது. மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறையும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கூட்டுச் சதி என்றால் சிறை 10 ஆண்டுவரை போகும், அபராதம் 1 கோடிக்குக் குறையாது. தனியார் சர்ட்டிஃபிகேஷன் இதற்குள் வராது. ஆகவே டம்ப்ஸ் பார்த்த ஒருவரை இந்தச் சட்டத்தில் கைது செய்வார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் அது சரியில்லை.

அதற்காக விற்பவர் தப்பிவிடுவார் என்றும் இல்லை. கேள்விகள் நிறுவனத்தின் பதிப்புரிமைப் பொருள், வணிக ரகசியமும்கூட. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் மைக்ரோசாஃப்ட் தேர்வுக் கேள்விகளை இணையத்தில் விற்று வந்தார். 2002இல் வணிக ரகசியத் திருட்டு என்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த வருமானத்தில் வாங்கிய ஃபெராரி காரையும் பறிகொடுத்தார். எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் 2008இல் நடந்தது வாங்கியவர்களுக்கும் பாடம். நடப்புக் கேள்விகளை வெளியிட்ட ஸ்கோர்டாப் தளத்தின் மீது தேர்வு நடத்தும் அமைப்பு வழக்குத் தொடுத்து, 23 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கியது. அதோடு நிற்காமல், தளத்தைப் பயன்படுத்திய 84 பேரின் மதிப்பெண்களையும் ரத்து செய்தது.

தேர்வையே மாற்றினால்?

காவலைக் கூட்டுவதைவிட இது நல்ல வழி, நடந்தும் வருகிறது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே இல்லை. ஒரு லினக்ஸ் கணினியைக் கொடுத்து, பயனரை உருவாக்கு, வட்டைப் பிரி, மறுதொடக்கம் செய்தாலும் நிலைக்கும்படி செய் என்பார்கள். கடைசியில் கணினி சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கிளவுட் மென்பொருளான குபெர்நெடிஸின் சிகேஏ தேர்வும் இரண்டு மணி நேரச் செய்முறைதான். அதில் அதிகாரபூர்வ ஆவணங்களைத் திறந்துவைத்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டும் தன் அசோசியேட், எக்ஸ்பர்ட் நிலைத் தேர்வுகளில் மைக்ரோசாஃப்ட் லேர்ன் என்ற தன் ஆவணத் தளத்தைப் பார்த்து எழுத அனுமதித்தது.

செய்முறைத் தேர்விலும் பணிகள் கசியத்தான் செய்கின்றன. சிஸ்கோவின் உயர்நிலைச் செய்முறைத் தேர்வான சிசிஐஇ லேபுக்கே டம்ப்ஸ் விற்கிறார்கள். ஆனால் எட்டு மணி நேர லேபைச் செய்து முடிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்கிறவர் கொஞ்சமாவது தொழிலைக் கற்றுக்கொண்டாக வேண்டியிருக்கிறது. நாலு விடையில் ஒன்றைக் குறிக்கும் தேர்வில் அந்தக் கட்டாயம்கூட இல்லை.

டம்ப்ஸ் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டால்

பயிற்சி மையம் கொடுத்தது என்றால், திறக்காமல் திருப்பிவிடுங்கள். கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று மையத்திடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கட்டிய பணத்துக்காக அங்கேயே தொடர வேண்டாம். நல்ல மாதிரித் தேர்வு என்று நம்பிப் படித்தது டம்ப்ஸ் என்று தேர்வறையில்தான் தெரிந்தது என்றால் அது நீங்கள் செய்த ஏமாற்று வேலை அல்ல. அப்போதும் தேர்வு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. இதற்கென்றே பெரும்பாலான நிறுவனங்கள் புகார் முகவரி வைத்திருக்கின்றன.

தெரிந்தே டம்ப்ஸ் பார்த்துப் பாஸ் செய்து, இப்போது வேலையிலும் இருப்பவர்கள் நிறையப் பேர். சான்றிதழ் சொல்லும் அறிவைக் கற்று நிரப்பும்வரை அந்தச் சான்றிதழை ரெஸ்யூமேயில் முன்வைத்து ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்காமல் இருப்பதே அவர்கள் செய்யக்கூடிய குறைந்தபட்ச நேர்மை. நிரப்பச் செலவும் அதிகமில்லை. நெட்வொர்க்கைக் கணினியிலேயே அமைத்துப் பழக உதவும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். சிசிஎன்ஏ மூன்று ஆண்டு செல்லும். மைக்ரோசாஃப்ட் அசோசியேட் சான்றிதழ்களை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்புத் தேர்வை வீட்டிலிருந்தே, ஆவணங்களைப் பார்த்தபடியே, கட்டணமில்லாமல் எழுதலாம்.